ஒரே நேரத்தில் விழும் அடி

மேசையில் நான்கு சீட்டுகள். எதிராளியின் பக்கம் ‘கிரிஸ்லி பேர்ஸ்’ என்ற கரடியும் ‘லானோவார் எல்வ்ஸ்’ என்ற காட்டுவாசியும். நம் பக்கம் ‘லார்ட் ஆஃப் அட்லாண்டிஸ்’ என்ற கடற்குடித் தலைவனும் ‘மெர்ஃபோக் ஆஃப் தி பேர்ல் டிரைடன்ட்’ என்ற கடற்குடி வீரனும். எதிராளி தன் இரண்டு சீட்டுகளையும் பக்கவாட்டில் திருப்பிவைக்கிறார். தாக்குகிறேன் என்று அர்த்தம். கரடிக்குக் குறுக்கே தலைவனையும் காட்டுவாசிக்குக் குறுக்கே வீரனையும் நிறுத்துகிறோம். சண்டை முடிந்ததும் மேசையில் எத்தனை சீட்டு மிஞ்சும்?

கணக்குப் போடத் தேவையானது கொஞ்சம்தான். ஒவ்வொரு சீட்டின் வலது கீழ்மூலையிலும் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் பலம்: எவ்வளவு அடி கொடுக்கும். இரண்டாவது தாங்குதிறன்: எவ்வளவு அடி வாங்கினால் சாகும். கரடி 2/2. காட்டுவாசி 1/1. தலைவன் 2/2. வீரன் அச்சில் 1/1தான். ஆனால் தலைவனின் சீட்டில் ஒரு வரி இருக்கிறது: மற்ற கடற்குடிகள் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்களிலும் ஒன்று கூடும். ஆகவே தலைவன் உயிரோடு இருக்கும்வரை வீரன் 2/2.

பெரும்பாலோர் சொல்லும் விடை, ஒன்று. தலைவனும் கரடியும் ஒருவரையொருவர் அடித்து மடிவார்கள். வீரன் காட்டுவாசியை வீழ்த்திவிடுவான். அவனுக்கு விழுந்தது ஓர் அடி, தாங்குவது இரண்டு, அதனால் பிழைத்துக்கொள்வான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சரியான விடை பூஜ்யம். நான்கும் மேசையை விட்டுப் போய்விடும். ஏன் என்பதில்தான் இந்த அத்தியாயமே அடங்கியிருக்கிறது.

ஆட்டத்தின் பெயர் மேஜிக்: தி கேதரிங். 1993 ஆகஸ்டில் அமெரிக்காவின் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. வடிவமைத்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் ஒரு கணிதவியலர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் வில்ஃபிடம் சேர்மானக் கணிதத்தில் ஆய்வு செய்து அதே ஆண்டில்தான் முனைவர் பட்டம் பெற்றார். ஆட்டக்காரர்கள் சீட்டுகளை வாங்கி, நண்பர்களோடு மாற்றி, தங்கள் கட்டைத் தாங்களே அமைத்துக்கொள்வார்கள். அச்சான வெவ்வேறு சீட்டுகள் இன்று 25,000க்கும் மேல். விதிப்புத்தகம் 200 பக்கங்களைத் தாண்டும். இதில் உண்மையான சிக்கல் பக்கக் கணக்கு அல்ல. ஒவ்வொரு சீட்டும் தன்னளவில் ஒரு சின்னச் சட்டத்திருத்தம். சீட்டும் புத்தகமும் முரண்பட்டால் சீட்டு சொல்வதே செல்லும் என்பதுதான் புத்தகத்தின் முதல் விதிகளில் ஒன்று.

இப்படிப்பட்ட ஆட்டத்தில் சண்டையின் முடிவைச் சொல்ல ஒரு மென்பொருள் எழுத முடியுமா? கரடி, சிப்பாய், பூதம் எதுவானாலும் சண்டையிடும் சீட்டுக்கு ஆட்டத்தில் கிரீச்சர் என்று பெயர். யார் தாக்குகிறார், யார் மறிக்கிறார், யாருடைய எண்கள் என்ன என்று கொடுத்தால் யார் மிஞ்சுவார் என்று அது சொல்ல வேண்டும். கூட்டலும் கழித்தலும்தானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு மாலைப்பொழுதில் எழுதி முடித்தேன். தாக்குபவரை எடு. அவர் பலத்தை மறிப்பவரின் தாங்குதிறனிலிருந்து கழி. மிச்சம் பூஜ்யமோ அதற்குக் கீழோ என்றால் மறிப்பவரை நீக்கு. பிறகு மறிப்பவர் பக்கமிருந்து அதையே செய். சோதித்துப் பார்க்க இரண்டு கரடிகளை மோதவிட்டேன். இரண்டும் 2/2, இரண்டும் சாக வேண்டும். என் நிரலில் தாக்கிய கரடி கீறல்கூட இல்லாமல் நின்றது. மறித்த கரடி திருப்பி அடிக்கும் முறை வருவதற்குள் நான் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டிருந்தேன்.

மேசையில் ஆடும்போது இந்தத் தவறு நடக்கவே நடக்காது. ‘ஒரே நேரத்தில்’ என்றால் என்ன என்று மனிதருக்கு விளக்க வேண்டியதில்லை. கணினிக்கு அப்படியொரு சொல்லே கிடையாது. அது ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே செய்யும். ஆகவே ஒரே நேரம் என்பதை நாம்தான் கட்டித் தர வேண்டும். வழி எளிது. விழவேண்டிய அடிகளை எல்லாம் முதலில் ஒரு பட்டியலில் எழுதிக்கொள், எவரையும் தொடாதே. பட்டியல் முடிந்த பிறகு மொத்தமாகச் சேர். அதற்கும் பிறகுதான் யார் செத்தார் என்று பார். கட்டங்கள் எல்லாம் அக்கம்பக்கம் பார்த்து ஒரே நேரத்தில் மாறும் ஜான் கான்வேயின் ‘லைஃப்’ ஆட்டம் 1970இல் வெளிவந்ததிலிருந்து அதை நிரலாக எழுதிப் பழகும் மாணவர்கள் முதல் நாளில் விழும் குழியும் இதுவே. கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டே மாற்றினால், அடுத்த கட்டம் பழைய உலகைப் பார்க்காமல் பாதி மாறிய உலகைப் பார்க்கும். பழையதற்கு ஒரு பலகை, புதியதற்கு ஒரு பலகை என்று இரண்டு வைத்துக்கொண்டால்தான் தீரும்.

இந்தத் திருத்தம் செய்த நிரலிடம் நம் நான்கு சீட்டுகளைக் கொடுத்தாலும் விடை ஒன்று என்றே வரும். கடற்குடி வீரன் தப்பித்துவிடுவான். இன்னும் ஒரு படி இருக்கிறது.

மேஜிக்கில் சாவு என்பது அடியின் பகுதி அல்ல. அடி விழுவது ஒரு நிகழ்வு. மேசையின் நிலையைப் பார்த்து யார் இருக்கத் தகுதி இழந்தார் என்று சோதிப்பது தனி நிகழ்வு. அந்தச் சோதனை ஒருமுறை நடந்து, சிலரை ஒரே நேரத்தில் நீக்கிய பிறகு, மீண்டும் முதலிலிருந்து நடக்கும். நீக்க ஒருவரும் இல்லை என்று ஆகும்வரை நடந்துகொண்டே இருக்கும். இப்போது நம் மேசையைப் பாருங்கள். முதல் சோதனை: தலைவன் தாங்குவது 2, பட்டது 2, போகிறான். கரடியும் அப்படியே. காட்டுவாசி தாங்குவது 1, பட்டது 2, போகிறான். வீரன் தாங்குவது 2, பட்டது 1, நிற்கிறான். இரண்டாவது சோதனை: தலைவன் இல்லை, அவன் தந்த கூடுதல் ஒன்றும் இல்லை. வீரன் மறுபடி 1/1. பட்ட அடி மட்டும் அந்த முறை முடியும்வரை உடம்பில் இருக்கும். தாங்குவது 1, பட்டது 1. அவனும் போகிறான். மூன்றாவது சோதனையில் பார்க்க ஆளில்லை, நின்றுவிடுகிறது.

கணிதத்தில் இதற்கு நிலைப்புள்ளி தேடுதல் என்று பெயர். ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்து, இனிச் செய்தாலும் எதுவும் மாறாது என்ற இடத்தை அடைவது. சண்டையின் முடிவைச் சொல்லும் கருவியின் இதயம் இந்தச் சுற்றுதான், கழித்தல் அல்ல.

இதன் மேல் சீட்டுகள் கொண்டுவரும் விசேஷங்களை ஏற்ற வேண்டும். ‘ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்’ உள்ளவர் முந்தி அடிப்பார். ‘ஒயிட் நைட்’ 2/2, இந்தத் திறன் உள்ள குதிரைவீரன். அவனைக் கரடி மறித்தால் கரடி மட்டுமே சாகும். இதற்காக அடி விழும் கட்டத்தையே இரண்டாகப் பிளக்கிறது விதி: முந்தி அடிப்பவர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று, நடுவில் மேலே சொன்ன சோதனை. ஒரே கட்டமாக எழுதப்பட்ட நிரலில் இதை ஒட்டுப்போட்டுச் சேர்க்கப் பார்த்தால் எங்காவது கிழியும். கட்டத்தைத் தனிச் செயலாக எழுதி இருமுறை அழைப்பதே சரி.

‘டெத்டச்’ வேறு வகை. ‘டைஃபாய்ட் ராட்ஸ்’ என்ற எலிக்கூட்டம் 1/1தான். ஆனால் அது தொட்ட கிரீச்சர் எவ்வளவு பெரியதானாலும் சாகும். ‘டிராம்பிள்’ என்றால் மிதித்துக்கொண்டு போவது: மறிப்பவர்களைக் கொல்லத் தேவையான அடி போக மீதி எதிராளிக்கே விழும். இரண்டும் ஒரே கிரீச்சரிடம் சேர்ந்தால்? பலம் 6 உள்ள ஒன்றை மூன்று 5/5 கிரீச்சர்கள் மறிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். டிராம்பிள் மட்டும் இருந்தால் மூவரையும் கொல்ல 15 தேவை, இருப்பது 6, எதிராளிக்கு எதுவும் போகாது. டெத்டச்சும் இருந்தால் ஆளுக்கு 1 போதும். 3 அடி எதிராளியின் மேல் விழும். அதாவது ‘கொல்லும் அளவு’ என்பதைத் தாங்குதிறனிலிருந்து பட்ட அடியைக் கழித்து வரும் எண்ணாக நிரலில் எழுதிவைத்தவர் பிழை செய்தவர். அது ஒரு கேள்வி. அடிப்பவர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்டுத்தான் விடை சொல்ல முடியும்.

விதிகளும் மாறாமல் இருப்பதில்லை. 1999இல் வந்த ஆறாம் பதிப்பு, சண்டை அடி உடனே விழாமல் சற்றுக் காத்திருக்கும்படி வைத்தது. ‘மாக் ஃபனாட்டிக்’ என்ற 1/1 பூதத்தைப் பலிகொடுத்தால் யாருக்காவது ஓர் அடி விழும். அந்நாள் ஆட்டக்காரர்கள் சண்டையில் அது கொடுக்கும் ஓர் அடியைக் காத்திருப்பில் போட்டுவிட்டு, அது விழுவதற்குள் பூதத்தைப் பலிகொடுத்து இன்னோர் அடியும் கொடுப்பார்கள். போய்ச்சேர்ந்த பூதத்தின் அடி பிறகு வந்து விழும். ஒரு 1/1 ஒரு 2/2ஐத் தனியாகவே சாய்த்துவிடும். 2009 ஜூலையில் இந்தக் காத்திருப்பு நீக்கப்பட்டது. பலர் வருந்தினார்கள். எனக்கு அந்த மாற்றம் சரியென்றே படுகிறது. செத்தவர் அடிப்பது கணக்கில் அழகு, மேசையில் புதியவருக்குப் புரியாது.

அதே 2009இல் இன்னொன்று வந்தது. ஒருவரைப் பலர் மறித்தால், தாக்குபவர் அவர்களை வரிசைப்படுத்த வேண்டும். முன்னால் இருப்பவருக்குக் கொல்லும் அளவு கொடுத்த பிறகே அடுத்தவருக்குப் போக முடியும். 2024 நவம்பரில் ‘ஃபவுண்டேஷன்ஸ்’ வெளியீட்டோடு அந்த வரிசையும் போனது. இப்போது 6 அடியை மூன்று மறிப்பவர்களுக்குள் எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம். மொத்தம் 28 வழிகள். மனிதருக்கு இது எளிமை. கருவிக்கு, ஆராய வேண்டிய கிளைகள் பெருகுகின்றன. ஆட்டத்தை எளிமையாக்கும் மாற்றம் கணிப்பைக் கடினமாக்குவது இந்தத் துறையில் அடிக்கடி காணும் காட்சி.

இதுவரை பார்த்தது யார் யாரை மறித்தார் என்று தெரிந்த பிறகு வரும் கணக்கு. யார் யாரை மறிப்பது என்ற கேள்வியைத் தொட்டதும் தரையே மாறுகிறது.

தாக்குபவர் 5 பேர், மறிக்கக்கூடியவர் 6 பேர். மறிப்பவர் ஒவ்வொருவருக்கும் ஆறு தெரிவுகள்: ஐவரில் ஒருவர், அல்லது சும்மா நிற்பது. ஆறை ஆறுமுறை பெருக்கினால் 46,656. கணினிக்கு இது கண்ணிமைக்கும் வேலை. பக்கத்துக்குப் பத்துப் பேர் என்றால் பதினொன்றைப் பத்துமுறை பெருக்க வேண்டும்: 2,593 கோடிக்கும் மேல். நீண்டுபோன ஆட்டத்தில் பக்கத்துக்குப் பத்து கிரீச்சர் என்பது அபூர்வமே அல்ல.

நல்ல மறிப்பு எது என்று தேடுவது கடினம் என்பதில் வியப்பில்லை. வியப்பு அடுத்ததில் இருக்கிறது. ஒரு மறிப்பு விதிப்படி செல்லுமா என்று சொல்வதே கடினம்.

காரணம் இரண்டு வகைச் சீட்டுகள். ஒரு வகை தடை விதிக்கும்: ‘மெனஸ்’ உள்ள கிரீச்சரைத் தனி ஆளாக மறிக்க முடியாது, இருவராவது வேண்டும். இன்னொரு வகை கட்டாயப்படுத்தும்: முதல் வெளியீட்டிலேயே இருந்த ‘லூர்’ என்ற சீட்டைப் பூண்ட கிரீச்சரை, மறிக்கக்கூடிய எல்லாரும் மறித்தாக வேண்டும். இரண்டும் மோதினால் விதி சொல்வது இது: தடை எதையும் மீறாதே, மீறாமல் எத்தனை கட்டாயங்களை அதிகபட்சம் நிறைவேற்ற முடியுமோ அத்தனையையும் நிறைவேற்று. அந்த உச்ச எண்ணிக்கையை எட்டாத மறிப்பு செல்லாது.

ஒரு மேசை போட்டுப் பார்ப்போம். தாக்குபவர் இருவர். முதலாமவரிடம் லூரும் மெனஸும் இருக்கின்றன. இரண்டாமவர் சீட்டில், ‘முடிந்தால் இவரை யாராவது ஒருவர் மறித்தாக வேண்டும்’ என்ற வரி. நம்மிடம் மறிக்க இருவர். முதலாமவரை மறிக்க ஆளுக்கொரு கட்டாயம், இரண்டாமவருக்காக ஒன்று. ஆக மூன்று கட்டாயங்கள். ஆளுக்கொருவராகப் பிரிந்து நிற்கத் தோன்றும், மெனஸ் தடுக்கிறது. ஒருவர் இரண்டாமவரை மறித்து மற்றவர் சும்மா நின்றால் நிறைவேறியது ஒன்று. இருவரும் முதலாமவரையே மறித்தால் இரண்டு. உச்சம் இரண்டு. ஆகவே இருவரும் முதலாமவர் மேல் பாய்ந்தே ஆக வேண்டும். இரண்டாமவர் தடையின்றி நுழைவார். இப்போது மூன்றாவது மறிப்பவர் ஒருவரைச் சேருங்கள். மூவரும் முதலாமவரை மறித்தால் மூன்று கட்டாயங்கள் நிறைவேறும். இருவர் முதலாமவரையும் ஒருவர் இரண்டாமவரையும் மறித்தாலும் மூன்றுதான். எதையும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் மூன்றாமவரைச் சும்மா நிறுத்திவைக்க முடியாது.

ஐந்து சீட்டுக்கே இவ்வளவு விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது. சீட்டுகள் பெருகினால் என்ன ஆகும் என்பதை கிருஷ்ணேந்து சாட்டர்ஜியும் ராஸ்மஸ் இப்சன்-யென்சனும் 2016இல் நிறுவினார்கள். ஆட்டத்தின் ஒரே ஒரு படி விதிப்படி செல்லுமா என்று தீர்மானிப்பதே கோ-என்பி முழுமை வகையைச் சேர்ந்தது என்றார்கள். பெயர் பயமுறுத்தினாலும் பொருள் மேசையிலேயே இருக்கிறது. நான் செய்த மறிப்பு செல்லாது என்று நீங்கள் காட்ட வேண்டுமானால், கூடுதல் கட்டாயங்களை நிறைவேற்றும் வேறொரு மறிப்பை நீட்டினால் போதும். நடுவர் நொடியில் சரிபார்ப்பார். செல்லும் என்று நான் காட்ட வேண்டுமானால், அதைவிடச் சிறந்தது ஒன்றுமே இல்லை என்று நிறுவ வேண்டும். அதற்கு எல்லாவற்றையும் துழாவுவதைவிடக் கணிசமாகச் சுருக்கமான பொதுவழி எதுவும் யாருக்கும் தெரியாது. குற்றத்தைக் காட்ட ஒரு சாட்சி போதும்; குற்றமின்மைக்கு உலகம் முழுவதையும் சாட்சிக்கு அழைக்க வேண்டும்.

நடைமுறைக் கருவிகள் பொறுமையாகத் தங்கள் வேலையைச் செய்கின்றன. திறந்த மூல மென்பொருளான ஃபோர்ஜ், மறிப்பதற்கு எல்லா வழிகளையும் துழாவுவதில்லை. அனுபவமுள்ள ஆட்டக்காரர் யோசிக்கும் வரிசையில் போகிறது. தான் பிழைக்கும், அல்லது மலிவான ஆளைக் கொடுத்து விலையுள்ளவரை வீழ்த்தும் மறிப்புகள் முதலில். உயிருக்கு ஆபத்து இல்லையென்றால், பலர் கூடி ஒருவரை வீழ்த்தும் மறிப்புகள். ஆபத்து என்றால் ஆளுக்கு ஆள் பரிமாற்றம். அதற்கும் வழியில்லாவிட்டால் பலிகொடுத்து அடியைத் தடுப்பது. அப்போதும் ஆபத்து தீரவில்லை என்றால் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு வேறு வரிசையில் மறுபடி தொடங்குகிறது. படித்தபோது எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசிப் படி. தோற்கப்போகிறவர் மேசையைப் பார்த்து, கையைப் பின்னுக்கு எடுத்து, முதலிலிருந்து யோசிப்பது அப்படியே அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

சீட்டின் வரிகளைக் கணினிக்கு எப்படிச் சொல்வது என்பதிலும் மூன்று பாதைகள். ஃபோர்ஜில் ஒவ்வொரு சீட்டும் சில வரிகள் கொண்ட உரைக்கோப்பு. எக்ஸ்மேஜ் என்ற இன்னொரு திறந்த மூல மென்பொருளில் ஒவ்வொரு சீட்டும் ஜாவாவில் கையால் எழுதிய தனி நிரல். விசர்ட்ஸ் நிறுவனம் 2019இல் முழுமையாக வெளியிட்ட மேஜிக் அரீனா மூன்றாவது பாதையில் போனது: சீட்டில் அச்சான ஆங்கில வாக்கியத்தையே படித்து விதியாக மாற்றும் எந்திரம். அதன் அடியில் இருக்கும் கிளிப்ஸ் என்ற மொழி 1980களின் நடுவில் நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் பிறந்தது. ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்ற விதிகளை அடுக்கிவைத்து, எது பொருந்துகிறதோ அதை இயக்கிக்கொண்டே போவது அதன் இயல்பு. நம் கடற்குடி வீரனைச் சாய்த்த அந்தச் சுற்றுக்கு அது வெகுவாகப் பொருந்தும்.

அந்தச் சுற்றைத்தான் 2019இல் அலெக்ஸ் சர்ச்சில், ஸ்டெல்லா பைடர்மன், ஆஸ்டின் ஹெரிக் மூவரும் எல்லை வரை இழுத்துச் சென்றார்கள். போட்டி விதிகள் அனுமதிக்கும் சீட்டுகளை மட்டுமே கொண்டு, நாடாவில் குறிகளைப் படித்தும் எழுதியுமே கணக்கிடும் கற்பனைக் கணினியான டூரிங் எந்திரத்தை மேசையின் மேல் கட்டினார்கள். எந்திரத்தின் நாடா என்பது வரிசையாக நிற்கும் டோக்கன்கள், அதாவது கட்டிலிருந்து வராமல் மற்றச் சீட்டுகள் பிறப்பிக்கும் கிரீச்சர்கள். நாடாவில் எழுதப்பட்ட குறி என்ன என்பதை டோக்கனின் இனம் சொல்லும். எந்திரம் படிக்கும் இடத்தில் நிற்பது 2/2. அதற்கு இருபுறமும் 3/3, 4/4 என்று தூரத்துக்கேற்ப எண் கூடிக்கொண்டே போகும். பிறகு ‘இன்ஃபெஸ்ட்’ என்ற சீட்டு எல்லாருக்கும் இரண்டு எண்களிலும் இரண்டைக் குறைக்கிறது. 2/2 மட்டும் தாங்குதிறன் பூஜ்யமாகிச் சாகிறது. ஒரு குறிப்பிட்ட இனம் செத்ததும் இன்னோர் இனத்தைப் பிறப்பிக்கும் சீட்டுகள் காத்திருக்கின்றன. படிப்பது சாவு, எழுதுவது பிறப்பு. ஆட்டக்காரர் இருவருக்குமே தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. எல்லாம் கட்டாயச் செயல்கள்.

இப்படி ஒரு மேசையைச் சண்டைக் கருவியிடம் கொடுத்து, இந்த ஆட்டத்தில் யார் வெல்வார் என்று கேட்டால், எல்லா மேசைகளுக்கும் விடை சொல்லும் கருவியை ஒருபோதும் எழுத முடியாது. வேகமான கணினி வந்தாலும் முடியாது. எந்திரம் நிற்குமா என்பதை எல்லா எந்திரங்களுக்கும் சொல்லும் பொதுவழி கிடையாது என்று ஆலன் டூரிங் 1936இலேயே நிறுவிவிட்டார். விதிப்புத்தகத்தில் ஒரு விதி இருக்கிறது: யாராலும் நிறுத்த முடியாத கட்டாயச் செயல்களின் சுழலில் சிக்கிய ஆட்டம் டிரா. அதை அறிவிக்க நடுவர் முதலில் அந்தச் சுழல் நிற்காது என்று அறிந்திருக்க வேண்டும். இன்ஃபெஸ்ட் மறுபடி விழுகிறது. ஒரு 2/2 டோக்கன் 0/0 ஆகிறது, சோதனை அதை நீக்குகிறது, வேறொன்று அதன் இடத்தில் வந்து நிற்கிறது. நடுவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை.